கவுன்டி கண்காட்சியில் அப்படி என்ன இருக்கிறது? (டெலவேர், ஒஹாயோ)

கேள்வி: செப்டம்பர் 5, 2024

கொலம்பஸுக்கு வடக்கே குடிவந்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸில் எல்லாரும் கவுன்டி ஃபேர் (நம்ம மாவட்டக் கண்காட்சி மாதிரி) வருகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தோம். சாண வாசம், ராட்டினம், எண்ணெயில் பொரித்த மாவு. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். நம்ம ஊர்ப் பொருட்காட்சியே தேவலை. அந்த நேரத்துக்குக் குழந்தைகளைச் சீடர் பாயின்ட் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே? போய் ரசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பர் 5, 2024, இரவு

போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். வேலை நாளில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காலையில் போங்கள். ராட்டினப் பக்கம் திரும்பாமல் நேராகக் கொட்டகைகளுக்குள் நுழையுங்கள். எந்தக் கொட்டகையில் நடுவர் மைக்கோடு நிற்கிறாரோ அங்கே பலகைப் படியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் சீடர் பாயின்ட்தான் மேல் என்று தோன்றினால் நான் வாதாட வரமாட்டேன்.

மகளுக்கு வீட்டுப்பாடம் பாக்கி. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 6, 2024

என் அப்பா காங்கேயம் பக்கம். மாட்டை வைத்து வளர்ந்த குடும்பம். 2023 செப்டம்பரில் இங்கே வந்திருந்தார். மூன்றாம் வாரமே முடங்கிவிட்டார். கோயில், கடைவீதி, நூலகம், அருவி என்று எங்கெங்கோ கூட்டிப்போனோம், எதிலும் மனசு ஒட்டவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புல்வெட்டும் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இத்தன புல்ல வெட்டி என்ன பண்றாங்க, ஒரு மாடு கூடக் காணோமே" என்று ஒரு நாள் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கண்காட்சி ஞாபகம் வந்தது. பத்து வருஷம் இதே கவுன்டியில் இருந்தும் நான் அதுவரை போனதில்லை.

பால்மாட்டுக் கொட்டகைக்குப் போனோம். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட பிள்ளைகள் ஹோல்ஸ்டீன் கிடாரிகளை வட்டமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்கண்ணு, திமிலே இல்லையே, நொகத்தடி எங்க நிக்கும்?" என்றார். இங்கே ஏரில் பூட்டுவதில்லை, பாலுக்குத்தான் என்றேன். "அப்பிடின்னா மடியத்தான் பாக்கோணும்" என்று எழுந்து போய்க் கம்பி ஓரம் நின்றுகொண்டார்.

கறவை மாடுகள் வந்தன. நடுவர் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், வரிசையை மாற்றி நிறுத்தினார். அதன் பிறகு செய்ததுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மைக்கை எடுத்து, முதல் மாட்டை ஏன் இரண்டாவதற்கு மேலே வைத்தேன், இரண்டாவதை ஏன் மூன்றாவதற்கு மேலே வைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார். இதற்குப் பின்மடி உயரமாகவும் அகலமாகவும் ஒட்டியிருக்கிறது. அதற்கு முதுகு நல்ல நேர், ஆனால் பின்னங்கால் கொஞ்சம் வளைகிறது. பால்மாட்டுக்குப் போடும் 100 மதிப்பெண்ணில் 40 மடிக்கே போகிறதாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது மாட்டில் நிறுத்தினார். "அவரு சொல்றது தப்புன்னு சொல்லல கண்ணு. நானா இருந்தா அந்தச் செவலைய ரெண்டாவதா வெச்சிருப்பேன். காலப் பாரு."

எழுபது வயதுக்காரருக்கு இந்த ஊருக்கு வந்து முதல் முறையாக ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் வந்தது. அன்று சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தோம்.

கண்ணபுரம் தாவணிக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். அங்கே தரகர் துண்டைக் கையில் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே ஓடுவது பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. அதற்கு அங்கே ஒரு நியாயம் இருக்கிறது, விலை அடுத்தவன் காதில் விழக்கூடாது. இங்கே நடப்பது விற்பனை இல்லை, தீர்ப்பு. அதைக் காரணத்தோடு, ஊரார் முன்னால், தோற்ற பிள்ளை காதில் விழும்படி சொல்கிறார்கள். மூன்றாவதாக வந்த பத்து வயதுப் பையனுக்கு, வந்த இரண்டாவது நிமிஷத்தில், ஏன் மூன்றாவது என்று தெரிந்துவிடுகிறது. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வருகிறது, எனக்கு ஆபீஸில் வருஷா வருஷம் ஒரு தர மதிப்பீடு வருகிறது. இரண்டிலும் காரணம் இவ்வளவு தெளிவாக வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 6, 2024, சற்றுப் பின்

ஒன்று விட்டுப்போச்சு. நீங்கள் பொருட்காட்சியோடு ஒப்பிட்டீர்கள், அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. பொருட்காட்சி என்றால் நமக்கு அரசுத் துறை அரங்கு, டெல்லி அப்பளம், மரணக்கிணறு. அந்த எதிர்பார்ப்போடு போனால் ராட்டினம்தான் கண்ணில் படும். 'தாவணி' என்ற சொல்லை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். மதுரைக்காரர்களுக்கு மாட்டுத்தாவணி என்றால் இன்று பேருந்து நிலையம்தான். எங்கள் பக்கம் அது இன்னும் மாட்டுச் சந்தை.

சுழி கதையும் சொல்லவேண்டும். கொட்டகையில் ஒரு பையன் தன் கன்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா அதன் நெற்றியையும் முதுகையும் தடவிச் சுழி பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று பையன் கேட்டான். எங்கள் ஊரில் முடி எந்தப் பக்கம் சுழித்திருக்கிறது என்று பார்த்துத்தான் மாடு வாங்குவார்கள் என்றாள் என் மகள். அவனுக்குக் கண் விரிந்துவிட்டது, என் கன்றுக்கு எப்படி என்றான். அப்பா என் பக்கம் திரும்பி, "நம்ம பக்கமா இருந்தா இந்தச் சுழிக்கு வெல கொறையும். அத அவங்கிட்டச் சொல்லிப்போடாத. நல்லா வளத்திருக்கான்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். அதுவும் உண்மைதானே.

செப்டம்பர் 7, 2024

கொட்டகையில் மாடு நடத்தும் பிள்ளைகள் ஃபோர்-ஹெச் என்ற இளையோர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். அது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார், பள்ளிக்கூடத் திட்டம் என்று சொல்லிவிட்டேன். தவறு, திருத்திக்கொள்கிறேன். இங்கே அதை நடத்துவது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை. நம் ஊரில் வேளாண் பல்கலைக்கழகத்து ஆட்கள் கிராமத்துக்கு வந்து செயல்விளக்கம் காட்டுவார்களே, அந்த மாதிரி வேலையின் ஒரு கிளை. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்குமான ஆங்கில எழுத்துதான் அந்த நாலு ஹெச். நான்கு இலைக் குளோவர் அடையாளம்.

இது பிறந்ததே நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில். 1902 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில், கிளார்க் கவுன்டியில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைக் கூட்டிச் சோளம் பயிரிடுவது, மண் சோதிப்பது என்று ஆரம்பித்தார். பெரியவர்கள் புது விதையை நம்ப மறுத்த காலம். பிள்ளை தன் சின்னப் பாத்தியில் போட்டுக் காட்டினால் அப்பா மறு வருஷம் வயலில் போடுவார்.

கண்காட்சி அதற்கும் பழசு. மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் 1807ல் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்து ஊர்ப் பொதுவிடத்தில் கட்டினார். கம்பளியின் மென்மையைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் கூடியது. இரண்டு ஆட்டுக்கே இத்தனை பேர் என்றால் ஊர் மாடெல்லாம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். அதிலிருந்துதான் அந்தப் பக்கத்து விவசாயச் சங்கமும் பரிசுப் போட்டியும் வளர்ந்தன. ஒஹாயோவில் ஜியாகா கவுன்டியின் கண்காட்சி 1823லிருந்து நடக்கிறது.

செப்டம்பர் 8, 2024

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்? சுட்ட மக்காச்சோளம், எலுமிச்சையைக் குலுக்கித் தரும் லெமன் ஷேக்-அப், ஐஸ்கிரீம். உருளைக்கிழங்கு வறுவலுக்கு வினிகர் தெளித்துத் தின்பது ஒஹாயோ வழக்கம், அவசியம் பாருங்கள். கார்ன் டாக் (குச்சியில் குத்தி மாவில் தோய்த்த இறைச்சி) பொரித்த எண்ணெயிலேயே வறுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். ஃபனல் கேக் என்பது நம் ஜாங்கிரிக்கு ஒன்றுவிட்ட தங்கை: மாவைச் சுற்றிச் சுற்றிப் பிழிகிறார்கள், பாகில் ஊறவைப்பதற்குப் பதில் சர்க்கரைப் பொடி தூவுகிறார்கள். என் அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "பாகக் காணமே" என்று கடைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதே எங்கள் வழக்கம்.

செப்டம்பர் 9, 2024

ராட்டினம் பத்திரமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2017 ஜூலை 26 அன்று கொலம்பஸில் நடந்த மாநிலக் கண்காட்சியில் ஃபயர் பால் என்ற ராட்டினத்தின் ஒரு பகுதி ஓட்டத்திலேயே உடைந்து விழுந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், ஏழு பேருக்குக் காயம். இரும்புத் தூணின் உள்பக்கம் துரு அரித்திருந்ததுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அதற்குப் பிறகு மாநிலச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சோதனை செய்வது மாநில வேளாண்மைத் துறை.

நான் மகளைக் குதிரை ராட்டினத்தில் மட்டும் ஏற்றுகிறேன். தலைகீழாகச் சுற்றுவதில் ஏற்றுவதில்லை. சோதனை செய்பவர்கள் மேல் சந்தேகம் இல்லை. ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டும் இயந்திரம் என்பதால் என் மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, 2024

நீல ரிப்பன் முதல் பரிசு, சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது என்று எழுதியிருந்தேன். டொரன்டோவிலிருந்து ஒரு அக்கா, கனடாவில் சிவப்புதான் முதல், நீலம் இரண்டாவது என்று திருத்தியிருக்கிறார். நன்றிக்கா. எல்லை தாண்டிப் போகிறவர்கள் சிவப்பைப் பார்த்து வருத்தப்படாதீர்கள்.

ரிப்பன் என்றதும் என் ஊறுகாய். சில வருஷம் முன்பு வேறொரு கவுன்டியில், ஒரு தோழி சொன்னாள் என்று, வீட்டுப் பதப்படுத்தல் போட்டியில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன். என் அம்மா பக்குவம்: உப்பில் ஊறி, பத்து நாள் வெயில் காய்ந்து, நல்லெண்ணெய், பெருங்காயம், பூண்டு. (ஆமாம், அப்போதே ஒரு கண்காட்சிக்குப் போயிருக்கிறேன். ஆனால் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மேசையிலிருந்தே திரும்பிவிட்டேன். கொட்டகைக்குள் போனது 2023ல்தான்.)

நடுவர் வயதான அம்மா. பாட்டிலை எத்தனை நிமிஷம் கொதிநீரில் வைத்தாய் என்று கேட்டார். கொதிநீரே கிடையாது, வெயில்தான் என்றேன். சுவைத்துப் பார்த்தார், கண்ணை மூடினார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பரிசு கொடுக்க முடியாது என்றார். சோதித்து ஒப்புக்கொண்ட செய்முறைக்கு மட்டும்தான் மதிப்பெண் என்பது விதி. பூண்டை எண்ணெய்க்குள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், புளிப்பும் உப்பும் போதாத இடத்தில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம் என்று விளக்கினார். உன் அம்மா போட்ட உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் அதைத் தடுத்திருக்கும், ஆனால் எவ்வளவு என்று அளந்து காட்டாதவரை நான் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றார். கோபம் வந்தது. வண்டியில் வரும்போதே அடங்கிவிட்டது. என் கைப்பக்குவத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

மறு வருஷம் பிளம் ஜாம் வைத்தேன். சிவப்பு ரிப்பன். குறிப்புச் சீட்டில், 'நிறம் அருமை, மூடிக்குக் கீழே இடைவெளி அதிகம்' என்று எழுதியிருந்தது. ஜாமுக்குக் கால் அங்குலம்தான் விடவேண்டும், நான் அரை அங்குலம் விட்டிருந்தேன். அந்தச் சீட்டு இன்னும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது.

செப்டம்பர் 12, 2024

ஏலத்தைப் பற்றி. குழந்தைகளை அவசியம் ஏலத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் இங்கே ஒரு பதிலில் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

என்ன நடக்கிறது என்றால், பிள்ளைகள் வசந்த காலத்தில் பன்றிக்குட்டி வாங்குகிறார்கள். தினம் தீவனம், தண்ணீர், நடை, கணக்குப் புத்தகம். மருந்து ஊசி போட்டால் அதையும் எழுதி வைக்கவேண்டும். வருஷா வருஷம் தரமாக வளர்ப்பதற்கான பயிற்சி வகுப்புக்குப் போகாமல் போட்டிக்கு வரமுடியாது. கண்காட்சிக்கு வரும்போது அது 250, 270 பவுண்டு. போட்டி முடிந்ததும் ஏலம். ஏலக்காரர் மூச்சுவிடாமல் பாட்டு மாதிரி எண்ணிக்கொண்டே போவார். உள்ளூர் வங்கி, டிராக்டர் கடை, பல் வைத்தியர் என்று கைதூக்குகிறார்கள், சந்தை விலையைவிட மேலே போகிறது. அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கு. பிள்ளை வாங்கியவருக்குக் கையால் நன்றிக் கடிதம் எழுதவேண்டும். பன்றி வண்டி ஏறிவிடும்.

போன வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன் அரங்கில் சிரித்துக்கொண்டே நின்றான். வெளியே வந்ததும் அவன் அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பன்றி எங்கே போகிறது என்றாள். மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

'வெட்டுவதற்கு முன்னால் ஒரு அழகுப் போட்டியா' என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். அவரை மறுத்து எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு என்று ஆத்தா கிடாக்குட்டி வளர்ப்பார். கடலைக்கொடி, அகத்தி என்று அவர் கையாலேயே ஊட்டுவார். வெட்டும் நாள் காலையிலும் அவர்தான் தண்ணீர் காட்டுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் நான் சாப்பிடமாட்டேன் என்று இலையை விட்டு எழுந்துவிட்டேன். ஆத்தா திட்டவில்லை. எனக்குத் தனியாகப் பருப்புச்சோறு போட்டார், பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கிடாவுக்காக அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்கத் தோன்றாமலே போய்விட்டது. அதனால் சரி தவறு சொல்ல என்னால் ஆகவில்லை. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பார்க்கிறாயா என்று கேளுங்கள். ஆறேழு வயதுக்குக் கீழே வேண்டாம்.

செப்டம்பர் 13, 2024

கை கழுவுவதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 2012ல் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகைக் காய்ச்சல் அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பெரும்பாலும் கண்காட்சிப் பன்றிக் கொட்டகைக்குப் போனவர்கள், அதிலும் பிள்ளைகள். ஒஹாயோவில் மட்டும் நூற்றுக்கு மேல். கொட்டகைக்குள் தின்னாதீர்கள், குடிக்காதீர்கள், பால்புட்டி, சப்பும் ரப்பர் எதுவும் உள்ளே வேண்டாம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், 65 தாண்டியவர்கள் பன்றிக் கொட்டகையைத் தவிர்ப்பது நல்லது. அப்பாவை நான் உள்ளே கூட்டிப்போனது இது தெரியாத நாளில்.

செப்டம்பர் 19, 2024, வியாழன், மைதானத்திலிருந்து

இன்று 'ஜக்'. வேலை நாளில் போங்கள் என்று முதல் நாள் சொன்னேன், இந்த வியாழனை அதிலிருந்து கழித்துவிடுங்கள். கூட்டம் அப்படி.

லிட்டில் பிரவுன் ஜக் என்பது வண்டிக் குதிரைப் பந்தயம். 1946லிருந்து இதே மைதானத்தில், தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வரும் மூன்றாம் வியாழக்கிழமை. மூன்று வயதுக் குதிரைகள். அரை மைல் சுற்று, இரண்டு சுற்று ஓடி ஒரு மைல், இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வேலி ஓரம் நாற்காலிகளைக் கட்டி இடம் பிடித்துவைக்கிறார்கள், அடுத்தவர் நாற்காலியை யாரும் தொடுவதில்லை.

செப்டம்பர் 19, 2024, இரவு

போன வருஷம் அப்பா இந்தப் பந்தயத்தையும் பார்த்தார். இரண்டு சக்கர வண்டி, சாய்ந்து உட்கார்ந்த ஆள், நீளக் கடிவாளம். "இது ரேக்ளாவேதான்" என்றார். எங்கள் பக்கம் காளை பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேரம் வைத்து ஓட்டுவார்கள். 2014ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து நின்றது. 2017 தைப் போராட்டத்துக்குப் பிறகு சட்டத் திருத்தம் வந்து திரும்பவும் ஓடியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த நாலாம் மாதம் அப்பா இங்கே நின்று குதிரை வண்டிப் பந்தயம் பார்க்கிறார். பேச்சு நிற்குமா?

அவர் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. இந்தக் குதிரைகள் மற்ற குதிரை மாதிரி ஓடுவதில்லை என்றார். ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து போகின்றன. அதற்குப் 'பேசிங்' என்று பெயர். அந்த நடை கலையாமல் இருக்கக் காலில் வார் மாட்டுகிறார்கள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர்தான் விளக்கினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கையை முன்னும் பின்னும் ஆட்டிக் குதிரை நடையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்த படம் என் ஃபோனில் இருக்கிறது.

செப்டம்பர் 24, 2024

கண்காட்சி முடிந்துவிட்டது. கேள்வி கேட்டவர் புதன்கிழமை காலை போய்வந்தாராம், முயல் கொட்டகையிலிருந்து பிள்ளைகளைக் கிளப்ப முடியவில்லையாம். சந்தோஷம்.

எனக்கு இந்த வருஷம் மனசில் நின்றது வேறு. பழைய டிராக்டர் வரிசையில் ஒரு பெரியவர் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். குடியிருப்பின் பெயரைச் சொன்னேன். அங்கே மேற்கு மூலையில் தண்ணீர் நிற்குமே, இன்னும் நிற்கிறதா என்றார். நிற்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் பின்கட்டில் நிற்கிறது. ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் சோயா என்று அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவர். இந்தக் கவுன்டியில் 2000ல் சுமார் 1,10,000 பேர், 2020ல் 2,14,000. அந்தக் கூடுதல் கணக்கில் நாங்களும் இருக்கிறோம்.

அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வடியாத மண், குழாய் புதைத்தால் சரியாகும் என்று எந்த இடத்தில் புதைக்கவேண்டும் என்பதைத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். திரும்பி வரும்போது மகள், "அப்போ நம்ம வீடு இருக்கறது அந்தத் தாத்தா ஓட்டின வயலாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன், அவள் கேட்கவில்லை. அவர் வரைந்த கோட்டின்படி அக்டோபரில் குழாய் புதைக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.

மே 11, 2025

இழையை மறுபடி திறக்கிறேன். ஏப்ரலில் தண்ணீர் நிற்கவில்லை.

இன்னொரு செய்தி. நகர்ப்புறப் பிள்ளைகள் மாடு வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் போட்டியில் கலந்துகொள்ள முடியுமா என்று போன வருஷம் ஒருவர் கேட்டிருந்தார், தெரியாது என்றேன். முடியும். பால்பண்ணைக் குடும்பங்கள் கன்றைக் குத்தகைக்கு விடுகிறார்கள். கன்று அவர்கள் பண்ணையிலேயே இருக்கும், பிள்ளை போய்ப் பழக்கவேண்டும். பால்மாட்டுக் கன்று என்பதால் ஏலமும் இல்லை, முடிந்ததும் பண்ணைக்கே திரும்பிவிடும். என் மகள் ஒரு ஜெர்சிக் கிடாரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். வாரம் மூன்று நாள் 25 நிமிஷ வண்டி ஓட்டம் எனக்கு. முதல் வாரம் கன்று நகரவே இல்லை. அப்பாவிடம் ஃபோனில் கேட்டதற்கு, "இழுக்காத. அது ஒரு அடி வெச்சதுமே கயித்த லூசுல விடு. அதுக்குத் தெரிஞ்சுபோகும்" என்றார். பண்ணைக்கார அம்மாவும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார்.

செப்டம்பர் 21, 2025

மகள் ஒன்பது பேரில் ஆறாவது.

நடுவர் சொன்ன காரணம்: தலையை நன்றாகத் தூக்கிப் பிடித்தாள், கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள், ஆனால் நிறுத்தும்போது பின்னங்கால் தவறு. கிடாரிக்கு நடுவர் பக்கத்துப் பின்னங்கால் பின்னால் இருக்கவேண்டும். கறவை மாட்டுக்குத்தான் அதே கால் முன்னால் வரும், மடி தெரிவதற்காக. இவள் கறவை மாட்டுக்கு நிறுத்துவது போல் நிறுத்திவிட்டாள். மைக்கில் கேட்டதும் அங்கேயே குனிந்து காலைப் பார்த்தாள், கன்றை ஒரு அடி தள்ளிச் சரியாக நிறுத்தினாள். வரிசை முடிவான பிறகு. நடுவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோ போட்டோம். அங்கே விடிகாலை. "ஆறாவதா? எத்தன பேருல?" என்றார். "ஒம்போது பேர்ல, அப்புச்சி. பின்னங்கால் தப்பா நிறுத்திட்டேன்" என்றாள். "செரி, அது தெரிஞ்சுபோச்சில்ல. கன்னக் காட்டு அம்மிணி." ஃபோனைக் கன்றின் பக்கம் திருப்பினாள். "நெத்தியக் காட்டு. இன்னும் கிட்ட. முதுக." கன்று ஃபோனை நக்கப் பார்த்தது, படம் முழுக்க மூக்கு. அப்பா சிரித்தபடி, "சுழி சுத்தமா இருக்குது. இத அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றார். மகள் பண்ணைக்கார அம்மாவைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள்.